ஒரே வேரில் இரண்டு சொற்கள்: ‘கெஸ்ட்’, ‘ஹோஸ்ட்’ பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் எமது பிள்ளைகள் ஆரம்ப வகுப்புகளிலேயே இணை இணையாகச் சில சொற்களைப் பாடமாக்கிக்கொள்கிறார்கள். வாங்குபவர் - விற்பவர், ஆசிரியர் - மாணவர் என்று நீளும் அந்த வரிசையில் ‘கெஸ்ட்’ - ‘ஹோஸ்ட்’ என்ற இணையும் இடம்பெறுகின்றது. முன்னையது விருந்தாளியையும் பின்னையது அவரை ஏற்று உபசரிப்பவரையும் குறிக்கும் என்பது அனைவரும் அறிந்ததே. ஒருவர் வெளியிலிருந்து வருகிறார். மற்றவர் உள்ளிருந்து வரவேற்கிறார். ஒருவர் பெறுகிறார், மற்றவர் கொடுக்கிறார்.

ஹோட்டல் பதிவேட்டிலும் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் கணினி வலையமைப்பிலும் இச்சொற்கள் இன்று சாதாரணமாகப் புழங்குகின்றன. இவற்றோடு நின்றிருந்தால் அவற்றைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டிய தேவை எழுந்திராது. ஆனால் குடிபெயர்ந்தோர், அகதிகள், தொழில் தேடிக் கடல் கடந்தோர் பற்றிய அறிக்கைகளிலும் இதே சொற்கள்தாம் கையாளப்படுகின்றன. ஒரு மனிதன் தான் வாழும் மண்ணில் ‘விருந்தாளியா’, ‘வீட்டுக்காரனா’ என்ற கேள்வி அங்கே அவனது காணியையும் வாக்கையும் பிள்ளையின் பாடசாலை அனுமதியையும் தொட்டு நிற்கின்றது. அதனாலேயே இச்சொற்களின் பூர்வீகத்தை அறிந்துகொள்வது பயனுடையதாகின்றது.

இந்த ஆய்வில் நாம் முதலில் சந்திக்கும் உண்மை சற்று வியப்பைத் தரக்கூடியது. எதிரெதிரே நிற்கும் இவ்விரு சொற்களும் பிறப்பால் ஒன்றே.

வேர்

1786ஆம் ஆண்டு கல்கத்தாவில், ஆசியச் சங்கத்தில் உரையாற்றிய சேர் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு பொது மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். இன்று இந்தோ - ஐரோப்பிய மொழிக்குடும்பம் என்று வழங்கப்படுவதன் ஆய்வுக்கு அவ்வுரை பெரும் தூண்டுதலாக அமைந்தது. பின்னர் 1822இல் ஜேர்மன் அறிஞர் யாக்கோப் கிரிம், அக்குடும்பத்தின் ஜேர்மானியக் கிளையில் ஒலிகள் எவ்வாறு ஒழுங்கு பிறழாமல் மாறின என்பதை விதியாக வகுத்துக் காட்டினார். குழந்தைகளுக்கான கதைகளைத் தம்பியோடு சேர்ந்து தொகுத்த அதே கிரிம்தான் இவர்.

அவ்விதியின்படி, மூல மொழியில் மூச்சொலியோடு கூடியிருந்த ஒரு ககர ஒலி ஜேர்மானிய மொழிகளில் ‘க’ ஆகவும், இலத்தீனில் ‘ஹ’ ஆகவும் வந்து நிற்கும். வாத்தினத்தைக் குறிக்கும் ஆங்கிலத்தின் ‘கூஸ்’ என்ற சொல்லும் சமஸ்கிருதத்தின் ‘ஹம்ஸம்’ என்ற சொல்லும் ஒரே மூலத்தின் பிள்ளைகள் என்பர். சமஸ்கிருதத்திலும் இங்கே ‘ஹ’ ஒலியே நிற்பது கவனிக்கத்தக்கது. இதே ஒழுங்கில்தான் ‘கெஸ்ட்’ என்பதன் முதல் ஒலியும் ‘ஹோஸ்ட்’ என்பதன் முதல் ஒலியும் ஒன்றுக்கொன்று உறவாகின்றன.

இரண்டுக்கும் தாயான சொல்லை மொழியியலாளர் ‘கோஸ்திஸ்’ என்று மீட்டுருவாக்குகின்றனர். எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் கிடைக்காத, ஒப்பீட்டினால் ஊகித்துப் பெறப்பட்ட வடிவம் இது. நமது பேச்சில் வழங்கும் ‘கோஷ்டி’ என்ற சொல்லை இது நினைவூட்டலாம். எனினும் அது மாட்டுத்தொழுவத்தைக் குறித்த வேறொரு சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது, ஒலி ஒற்றுமை தற்செயலானதே.

‘கோஸ்திஸ்’ என்பதன் பொருள்தான் இங்கு முக்கியமானது. அது விருந்தாளியை மட்டும் குறித்த சொல்லன்று; உபசரிப்பவரை மட்டும் குறித்த சொல்லுமன்று. கொடுக்கல் வாங்கல் கடப்பாட்டினால் தன்னோடு பிணைக்கப்பட்ட அயலான் என்பதே அதன் கருத்தாக இருந்திருக்கிறது. இன்று நான் உன் வீட்டில் உண்டால் நாளை நீ என் வீட்டில் உண்பாய். உன் பிள்ளை என் பிள்ளையின் வீட்டில் உண்பான். அந்தப் பிணைப்புக்கே பெயர் இருந்தது, அதில் யார் எந்தப் பக்கம் என்பதற்குத் தனித்தனிப் பெயர் இருக்கவில்லை. பிரெஞ்சு அறிஞர் எமில் பென்வனிஸ்த் 1969இல் வெளியிட்ட, இந்தோ - ஐரோப்பிய நிறுவனங்களின் சொற்கோவை பற்றிய நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

பழைய நிலையின் சுவடுகள் பல மொழிகளில் இன்றும் எஞ்சியுள்ளன. பிரெஞ்சு மொழியில் ‘ஓத்’ என்ற ஒரே சொல் உபசரிப்பவரையும் விருந்தாளியையும் குறிக்கும். இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும். கிரேக்கத்தில் ‘க்ஸெனோஸ்’ என்பது அந்நியன், விருந்தாளி, விருந்துறவால் நண்பனானவன் ஆகிய மூவருக்கும் பொதுவான சொல். அதே வேரிலிருந்து வந்த ரஷ்ய ‘கோஸ்த்’ விருந்தாளியைக் குறிப்பதோடு, முற்காலத்தில் தூர தேசத்திலிருந்து வந்த வணிகனையும் குறித்தது. மொஸ்கோ மன்னர்களின் காலத்தில் உயர்நிலை வணிகருக்கு வழங்கப்பட்ட பட்டமே ‘கோஸ்த்’ என்பதாகும். சென். பீற்றர்ஸ்பேர்க் நகரின் பழைய கடைத்தொகுதி இன்றும் ‘கோஸ்தினி த்வோர்’, அதாவது வணிக விருந்தினரின் முற்றம் என்றே அழைக்கப்படுகிறது.

வேறொரு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த தமிழையும் ஒப்புநோக்கலாம். ‘விருந்து’ என்பதன் பழம்பொருள் புதுமை என்பதாகும். தொல்காப்பியர் செய்யுளியலில் புதிய வகை யாப்பிலமைந்த நூலுக்கு ‘விருந்து’ என்றே பெயர் தருகிறார். புதியவராக வந்தவரும், பின்னர் அவருக்குப் படைக்கப்பட்ட உணவும் அப்பெயரைப் பெற்றன. உபசரிப்பவரைக் குறிக்கத் தமிழில் அன்றாட வழக்கிலுள்ள தனிச்சொல் ஒன்றைத் தேடினால் ‘வீட்டுக்காரர்’ என்பதற்கு மேல் எளிதில் ஒன்றும் அகப்படாது. ‘விருந்தோம்பல்’ என்று செயலுக்குப் பெயரிட்டு அதிகாரம் வகுத்தவர்கள், அதைச் செய்பவருக்கு உயர்ந்த பெயரெதனையும் அன்றாட வழக்கில் நிலைபெறச் செய்யவில்லை.

வடக்கில் தங்கிய சொல்

‘கோஸ்திஸ்’ வடக்கே சென்று ஜேர்மானிய மொழிகளில் ‘கஸ்திஸ்’ ஆயிற்று. அதன் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று டென்மார்க்கின் தென்பகுதியிலுள்ள கல்லேஹூஸ் என்னும் இடத்தில் 1734இல் கண்டெடுக்கப்பட்ட பொற்கொம்பாகும். ஏறத்தாழ கி.பி. 400ஐச் சேர்ந்த அக்கொம்பில் அதைச் செய்தவனின் பெயர் ரூன் எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. அப்பெயரின் பிற்பகுதி ‘கஸ்திஸ்’ என்பதே. 1802இல் கொபன்ஹேகனில் இருந்து அது திருடப்பட்டு உருக்கப்பட்டுவிட்டது. முன்னரே வரைந்து வைத்திருந்த படங்களின் மூலமே அவ்வாசகம் நமக்கு எஞ்சியுள்ளது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் முதலெழுத்து மென்மையடைந்து யகர ஒலி பெற்றிருந்தது. அது அப்படியே வளர்ந்திருந்தால் இன்று ஆங்கிலேயர் ‘யெஸ்ட்’ என்பது போல ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பர். ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் படையெடுத்து வந்து குடியேறிய ஸ்கண்டினேவியரின் மொழியில் அதே சொல் வல்லொலியோடு ‘கெஸ்ட்ர்’ என வழங்கியது. அவ்வொலியே இன்றைய ஆங்கிலச் சொல்லில் நிலைபெற்றது. ஆயுதத்தோடு வந்த அழையா விருந்தாளிகளிடமிருந்தே ஆங்கிலம் விருந்தாளி என்ற சொல்லின் இன்றைய உச்சரிப்பைப் பெற்றது என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

ஏறத்தாழ கி.பி. 1000ஐச் சேர்ந்த ஒரேயொரு கையெழுத்துப் பிரதியில் எஞ்சியுள்ள ‘பேயோவுல்ஃப்’ என்னும் பழைய ஆங்கிலக் காவியத்தில், இரவில் மண்டபத்துள் நுழைந்து மனிதரைக் கொல்லும் கிரெண்டல் என்ற அரக்கனைச் சுட்டும் ஒரு சொல்லை ‘விருந்தாளி’ என்றும் வாசிக்கலாம், ‘ஆவி’ என்றும் வாசிக்கலாம். இரண்டும் வெவ்வேறு வேர்களைக் கொண்டவை. எனினும் எழுத்தில் நெருங்கி வந்தமையால் அறிஞர்கள் இன்றும் அதுபற்றி விவாதித்து வருகின்றனர். வாசலில் நிற்பவன் விருந்தாளியா, ஆபத்தா என்று உடனே சொல்லிவிட முடியாத ஓர் உலகத்தின் அச்சத்தை அந்த ஐயம் நன்கு காட்டுகிறது எனலாம்.

ரோமாபுரியில் நிகழ்ந்த மாற்றம்

இனித் தெற்குக் கிளையைப் பார்ப்போம். இலத்தீனில் ‘கோஸ்திஸ்’ என்பது ‘ஹொஸ்திஸ்’ ஆயிற்று. இலத்தீன் அறிந்தவர்கள் இச்சொல்லுக்கு உடனே சொல்லும் பொருள் ‘பகைவன்’ என்பதாகும். பகைமையைக் குறிக்கும் ஆங்கில ‘ஹொஸ்டைல்’ இதன் வழித்தோன்றலே. விருந்தாளி பகைவனானது எப்படி?

இக்கேள்வி ரோமர்களுக்கே எழுந்திருக்கிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த வர்ரோவும் சிசெரோவும், தம் முன்னோர் காலத்தில் ‘ஹொஸ்திஸ்’ என்றால் அந்நிய நாட்டவன் என்றுதான் பொருள், பகைவனுக்கு வேறு சொல் இருந்தது என்று குறித்துவைத்துள்ளனர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பன்னிரு பலகைச் சட்டங்களில், அத்தகைய அந்நியன் ஒருவனுடனான வழக்குக்குக் குறிக்கப்பட்ட நாள் பிற கடமைகளைத் தள்ளிவைக்கத் தக்க காரணமாக மதிக்கப்பட்டது. நீதிமன்றில் எதிரே நிற்கும் உரிமை உடையவன் அவன். பிற்காலத்து அகராதியாசிரியர் ஃபெஸ்துஸ், ரோம மக்களுக்குச் சமமான உரிமை பெற்றிருந்தோரே அப்பெயரால் அழைக்கப்பட்டனர் என்கிறார்.

பென்வனிஸ்த் தரும் விளக்கம் இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும், குலத்துக்கும் குலத்துக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் உறவுகள் வலுவிழந்து, அரசுக்கும் அரசுக்கும் இடையிலான உறவே மேலோங்கியபோது, எல்லைக்கு அப்பால் உள்ளவன் தனிமனிதனாகத் தெரிவது நின்றுபோனது. அவன் வேறொரு நாட்டின் ஆள் ஆனான். அந்நாட்டோடு போர் மூளுகையில் பகைவனானான். சொல் மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த உறவு மாறியது, பொருளும் மாறிப்போனது.

பழைய உறவுக்குப் புதிய சொல்லொன்று தேவைப்பட்டது. அதுவே ‘ஹொஸ்பெஸ்’. ‘ஹொஸ்திஸ்’ என்பதோடு தலைவன் என்று பொருள்படும் ‘பொத்’ என்ற அடி சேர்ந்து உருவான கூட்டுச்சொல் இது என்பது பெரும்பாலான அறிஞரின் முடிவு. அந்த ‘பொத்’ நமக்குப் புதியதன்று. சமஸ்கிருதத்தின் ‘பதி’ அதன் உடன்பிறப்பு. நமது ‘ஜனாதிபதி’யிலும் ‘தளபதி’யிலும் இருப்பது அதுவே. விருந்துறவின் அதிபதி என்று பொருள்பட்ட ‘ஹொஸ்பெஸ்’ காலப்போக்கில் உபசரிப்பவரோடு விருந்தாளியையும் குறிக்கலாயிற்று. பழைய இருபக்கத் தன்மை இவ்வாறு புதிய சொல்லுக்குள்ளும் புகுந்துகொண்டது.

ரோமர்கள் இவ்வுறவுக்கு அத்தாட்சியும் வைத்திருந்தனர். இரு தரப்பாரும் பொருத்திப் பார்த்து அறிந்துகொள்ளத்தக்க விருந்துச் சின்னம் ஒன்றை ஆளுக்கொன்றாகப் பாதுகாத்தனர். தலைமுறை கடந்து மகனோ பேரனோ அச்சின்னத்தோடு வந்தால் கதவு திறக்கும். பிளாவுட்டுஸ் என்ற ரோம நாடகாசிரியர் எழுதிய ‘போயனுலுஸ்’ நாடகத்தில், காணாமற்போன மகள்மாரைத் தேடி வரும் ஹன்னோ என்ற கார்த்தேஜ் முதியவர் அத்தகைய சின்னத்தைக் காட்டியே தம்மை நிரூபிக்கிறார். கார்த்தேஜ் இன்றைய துனீசியாவில் இருந்த பேரரசு. ஹனிபலின் தலைமையில் இத்தாலியையே நடுங்க வைத்தது. அப்போர் கி.மு. 201இல் முடிந்து அதிக காலம் செல்லாத நிலையில், பகை நாட்டு முதியவர் ஒருவரை விருந்துச் சின்னத்தோடு ரோம மேடையில் நிறுத்திய துணிவை நாம் வியக்காமல் இருக்க முடியாது. ஒரே மனிதனுள் பகைவனும் விருந்தாளியும் இருக்கலாம் என்பதை அந்தப் பார்வையாளர் அறிந்திருந்தனர்.

பிரெஞ்சு வழியாக வந்தவை

1066இல் நோர்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றியதன் பின்னர், இலத்தீன் வழிவந்த பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துள் பெருவாரியாக நுழைந்தன. ‘ஹொஸ்பெஸ்’ பிரெஞ்சில் தேய்ந்து, உபசரிப்பவரைக் குறிக்கும் ‘ஹோஸ்ட்’ ஆக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ஹொஸ்திஸ்’ என்பதும் சும்மா இருக்கவில்லை. மத்தியகால இலத்தீனில் அது படை என்ற பொருளைப் பெற்றிருந்தது. அதுவும் பிரெஞ்சு வழியாக வந்து ‘ஹோஸ்ட்’ என்றே ஆயிற்று. இன்று ‘ஏராளமான’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்குவது அந்தப் படைதான். ஆகவே வரவேற்பவரும் படையும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு. அகராதி இரண்டையும் தனித்தனிச் சொற்களாகக் கொள்ளும், வேரோ ஒன்றுதான்.

‘ஹொஸ்பெஸ்’ ஈன்ற பிள்ளைகள் பலர். விருந்தினர் தங்குமிடம் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து ‘ஹொஸ்டல்’, ‘ஹோட்டல்’, ‘ஹொஸ்பிட்டல்’ ஆகிய மூன்றும் பிறந்தன. நமது ‘ஆஸ்பத்திரி’யும் அவ்வழியே ஐரோப்பியரோடு கடல் கடந்து வந்ததுதான். அந்திமகால நோயாளரைப் பராமரிக்கும் இல்லத்தைக் குறிக்கும் ‘ஹொஸ்பிஸ்’ என்ற சொல் 1967இல் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் லண்டனில் தொடங்கிய இல்லத்தோடு உலகப் புகழ் பெற்றது.

ஆஸ்பத்திரி முதலில் நோயாளருக்குரிய இடமாக இருக்கவில்லை. வழிப்போக்கருக்கும் யாத்திரிகருக்கும் வறியோருக்கும் புகலிடமாக இருந்தது. ஜெரூசலத்தில் பதினொராம் நூற்றாண்டில் இத்தாலியின் அமல்ஃபி நகர வணிகர்களின் ஆதரவில் அமைந்த யாத்திரிகர் விடுதி அத்தகையது. அதைப் பராமரித்தோர் ‘ஹொஸ்பிட்டலர்’ எனப்பட்டனர். 1099இல் சிலுவைப் படை ஜெரூசலத்தைக் கைப்பற்றியது. 1113இல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற அவ்வமைப்பு, பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே வாளேந்திய படைப்பிரிவாகவும் மாறிற்று. உபசரிப்பவர் என்ற பொருளும் படை என்ற பொருளும் சொல்லளவில் மட்டுமன்றி, ஒரே நிறுவனத்துள்ளும் ஒன்றுசேர்ந்தன.

அந்நாட்களில் நடந்த சம்பவமொன்று நம் விடயத்தோடு நெருங்கிய தொடர்புடையது. 1187 ஜூலை 4ஆம் திகதி ஹித்தீன் போரில் சிலுவைப் படை தோற்றது. சிறைப்பட்ட ஜெரூசலம் அரசன் கீ டி லூசினியானும், முஸ்லிம் வணிகக் கூட்டங்களைத் தாக்கிவந்த ரெய்னால்டும் சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் கூடாரத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். தாகத்தால் தவித்த அரசனுக்குச் சுல்தான் குளிர்ந்த பானம் கொடுத்தார். அரசன் பருகிவிட்டு மிச்சத்தை ரெய்னால்டிடம் நீட்டினான். ரெய்னால்டுக்குப் பானம் கொடுத்தது தாமல்ல என்பதைச் சுல்தான் உடனே தெளிவுபடுத்தினார் என்று சமகால அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். கையால் கொடுத்ததை உண்டவன் விருந்தாளியாகிவிடுவான். விருந்தாளியின் உயிருக்குப் பாதுகாப்பளிப்பது கடமையாகிவிடும் என்பது அரபு மரபு. அரசன் உயிர் தப்பினான், ரெய்னால்டு கொல்லப்பட்டான். பகைவனுக்கும் விருந்தாளிக்கும் இடையே இருந்தது ஒரு கோப்பை நீர்தான்.

மூன்று இரவுகள்

விருந்தாளி எப்போது விருந்தாளியாகிறான் என்பதை ஒரு கோப்பை நீர் தீர்மானிக்கலாம். அவன் எப்போது விருந்தாளியாக இல்லாமற் போகிறான் என்பதே கடினமான வினா.

பழைய ஆங்கிலச் சட்டம் இதற்குத் திட்டவட்டமான பதில் வைத்திருந்தது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கென்ட் இராச்சியத்தை ஆண்ட ஹ்லோத்ஹேர், எட்ரிக் ஆகியோரின் சட்டக்கோவையில் ஒரு விதி உள்ளது. எல்லை கடந்து வந்த வணிகனையோ வேறு அயலானையோ ஒருவர் தம் வீட்டில் மூன்று இரவுகள் தங்கவைத்து உணவும் அளித்தால், அதன்பின் அவன் எவருக்கேனும் தீங்கிழைத்தால், தங்கவைத்தவர் அவனை நீதியின் முன் நிறுத்த வேண்டும், அல்லது தாமே பொறுப்பேற்க வேண்டும். நோர்மானியர் காலத்தில் தொகுக்கப்பட்ட சட்டநூல்கள் இதையே மேலும் தெளிவாக வகுக்கின்றன: முதலிரவு தங்குபவன் அறியாதவன், இரண்டாம் இரவு தங்குபவன் ‘கெஸ்ட்’, மூன்றாம் இரவும் தங்கினால் அவன் அந்த வீட்டாருள் ஒருவன்.

இதன் நோக்கம் அன்பன்று, பொறுப்பை நிர்ணயிப்பதே என்பது உண்மை. ஆயினும் அச்சட்டம் ஓர் உண்மையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. விருந்தாளி என்பது கடந்து செல்லும் ஒரு நிலை. அதில் எவரையும் நிரந்தரமாக நிறுத்திவைக்க முடியாது. ஒன்று அவன் புறப்பட வேண்டும், அல்லது வீட்டில் ஒருவனாக வேண்டும். விருந்துபசாரம் மூன்று நாட்கள், அதற்கு மேற்பட்டது ஸதக்கா என்ற கருத்திலமைந்த நபிமொழி எமக்கு நன்கு அறிமுகமானது. கென்ட் நாட்டுச் சட்டத்துக்கும் இதற்கும் தொடர்பெதுவும் இல்லை. எனினும் இரு வேறு சமூகங்கள் ஏறத்தாழ ஒரே காலப்பகுதியில் ‘மூன்று’ என்ற எல்லையை உணர்ந்திருந்தமை ஒப்புநோக்கத்தக்கது.

திரும்பிப் போகாத விருந்தாளிகள்

இருபதாம் நூற்றாண்டில் இந்த எல்லை மறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் பின் வேகமாக வளர்ந்த மேற்கு ஜேர்மனியின் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் போதவில்லை. 1955இல் இத்தாலியோடும், 1960இல் ஸ்பெயின், கிரேக்கம் ஆகியவற்றோடும், 1961இல் துருக்கியோடும், பின்னர் மொரோக்கோ, போர்த்துக்கல், துனீசியா, யூகோஸ்லாவியா ஆகிய நாடுகளோடும் தொழிலாளரைத் திரட்டும் ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. வந்தவர்கள் ‘கஸ்தார்பைற்றர்’ எனப்பட்டனர். ஆங்கிலம் அதை ‘கெஸ்ட் வேர்க்கர்’, அதாவது விருந்துத் தொழிலாளர் என்று அப்படியே பெயர்த்துக்கொண்டது. துருக்கியில் விருந்தாளிக்குரிய சொல் ‘மிஸாஃபிர்’. பயணியைக் குறிக்க நாம் வழங்கும் ‘முஸாபிர்’தான் அது.

1964 செப்டெம்பர் 10ஆம் திகதி கேளின் நகரின் டொயிற்ஸ் புகையிரத நிலையத்தில் வந்திறங்கிய போர்த்துக்கேயத் தச்சுத் தொழிலாளி அர்மாண்டோ ரொட்ரிகேஸ் டி சா, பத்து இலட்சமாவது விருந்துத் தொழிலாளராக அறிவிக்கப்பட்டார். பூச்செண்டும் ஒரு சிறிய மோட்டார் சைக்கிளும் அவருக்கு வழங்கப்பட்டன. வாத்தியம் முழங்க வரவேற்பு நடந்தது. ஆனால் பழைய விருந்துறவில் இருந்த ஒன்று இதில் இருக்கவில்லை. விருந்தாளி வேலை செய்ய வேண்டும், வேலை முடிந்ததும் போய்விட வேண்டும். முறைமாறி உபசரிக்கும் நாள் ஒருபோதும் வராது. 1973 நவம்பரில் ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. அதுவரை வந்த ஏறத்தாழ 140 இலட்சம் பேரில் 110 இலட்சம் பேர் வரை திரும்பிச் சென்றுவிட்டனர் என்று கணிக்கப்படுகிறது. எஞ்சியோர் குடும்பங்களை அழைத்துக்கொண்டனர், பிள்ளைகளைப் பெற்றனர். அப்பிள்ளைகளும் விருந்தாளிகள் என்றே கருதப்பட்டனர். 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டமே, நிபந்தனைகளோடு, அங்கு பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்பினாலேயே குடியுரிமையை வழங்கியது. முதல் தலைமுறை விருந்துத் தொழிலாளர் குடியுரிமை பெறுவதற்கான தகுதிகளை இலகுவாக்கிய சட்டம் 2024இல்தான் வந்தது. மூன்றாம் இரவு விடிவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்திருக்கிறது.

இதற்கிடையில் இன்னொரு சொல்லும் இவ்விணையை அண்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து உயிரியலாளர்கள், ஒட்டுண்ணி எந்த உயிரின்மீது வாழ்கிறதோ அவ்வுயிரை ‘ஹோஸ்ட்’ என்று அழைக்கலாயினர். எமது பாடநூல்களில் அது ‘விருந்து வழங்கி’ ஆயிற்று. ஒட்டுண்ணியைக் குறிக்கும் ‘பரசைட்’ என்ற கிரேக்கச் சொல்லும் பிறருடைய பந்தியில் அருகிருந்து உண்பவனைக் குறித்ததே. விஞ்ஞானத்தில் இது பயனுள்ள கலைச்சொல். அரசியல் மேடைக்கு வரும்போது இது கொடியதாகிவிடுகிறது. நெடுநாள் தங்கிய விருந்தாளியை ஒட்டுண்ணி என்பதற்கு இனவாதிக்கு அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. சொற்கள் ஏற்கெனவே அருகருகே வைக்கப்பட்டிருக்கின்றன.

எமது மண்ணில்

இவ்விரு சொற்களும் எமது நாட்டில் மிகுந்த வேதனையோடு புழங்கிய இடம் புத்தளமாகும். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்தின் முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அதற்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். 70,000க்கும் மேற்பட்டோர் உடுத்த உடையோடு வெளியேறினர். மன்னாரிலிருந்து பலர் கடல்வழியாகக் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தனர். புத்தளம் மாவட்டத்து மக்கள் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். சோறு சமைத்துக் கொடுத்தனர். தென்னந்தோட்டங்களில் கொட்டில் போட இடம் கொடுத்தனர். இந்தப் பெருந்தன்மையை வரலாறு மறக்கக் கூடாது.

பின்னர் உதவி நிறுவனங்கள் வந்தன, அறிக்கைகள் எழுதப்பட்டன. அவற்றில் புத்தளத்தார் ‘ஹோஸ்ட் கொம்யூனிட்டி’ ஆயினர். வந்தவர்கள் ‘உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்’ ஆயினர். முதல் சில மாதங்களுக்கு இப்பாகுபாடு பொருத்தமானதாக இருந்திருக்கலாம். ஆண்டுகள் பத்தாயின, இருபதாயின. புத்தளத்தில் பிறந்து, புத்தளத்தில் படித்து, புத்தளத்தில் மணமுடித்தவரும் ‘அகதி’ என்றே சுட்டப்பட்டார். கூலி வேலையிலும் பாடசாலை இடங்களிலும் நிவாரணத்திலும் போட்டி ஏற்பட்டபோது, உபசரித்தவர்களே தமக்கு என்ன கிடைத்தது என்று கேட்கும் நிலை உருவாயிற்று. அக்கேள்வியும் நியாயமானதே. கொடுப்பது ஒரு தரப்பின் நிரந்தரக் கடமையாகவும், பெறுவது மறுதரப்பின் நிரந்தர அடையாளமாகவும் ஆக்கப்படும்போது இரு தரப்பாரும் களைத்துப் போகின்றனர்.

2009இல் போர் முடிந்தபின் ஊர் திரும்பியோருக்கு வேறொரு அனுபவம் காத்திருந்தது. பிறந்த மண்ணிலேயே அவர்கள் புதியவர்களாகப் பார்க்கப்பட்டனர். மன்னாரின் முசலிப் பிரதேசத்தில் காடு மூடிக்கிடந்த காணிகளைத் துப்புரவு செய்தோர், 2015 அளவில், வில்பத்துக் காட்டை அபகரிப்போர் என்று நாடெங்கும் குற்றஞ்சாட்டப்பட்டனர். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற முஸ்லிம்களின் பஸ் வண்டிகள் தந்திரிமலைக்கு அருகே துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காயின. வெளியேற்றம் நிகழ்ந்து இருபத்தொன்பது ஆண்டுகளின் பின்னரும், ஒருவர் தம் வாக்கைத் தேடி நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணிக்க வேண்டியிருந்தது. இருக்கும் ஊரில் விருந்தாளி. சொந்த ஊரில் அந்நியன்.

இந்நாட்டின் சிறுபான்மையினரை நோக்கி, நீங்கள் இங்கு விருந்தாளிகள், அதற்கேற்ப நடந்துகொள்ளுங்கள் என்று கூறும் குரல்கள் அவ்வப்போது எழுவதை நாம் கேட்டே வந்திருக்கிறோம். அதற்குப் பதிலாக, நாமே முதலில் வந்தோம் என்று ஆண்டுக் கணக்குக் காட்டுவது வழக்கம். சொற்களின் வரலாறு வேறொரு பதிலையும் தருகின்றது. ‘கெஸ்ட்’ என்பதும் ‘ஹோஸ்ட்’ என்பதும் இரு வகை மனிதர்களின் பெயர்களாகத் தோன்றியவை அல்ல. முறைமாறி நடக்க வேண்டிய ஓர் உறவின் பெயர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது, அவ்வளவே. வேரில் இருந்த அந்தச் சமத்துவம் அறுந்த இடத்தில், அதே சொல் பகைவனையும் குறித்தது, படையையும் குறித்தது. ரோமாபுரியில் இது நிகழ்ந்தமைக்குச் சிசெரோவும் வர்ரோவும் சாட்சி.

புத்தளத்தின் வீடுகளில் 1990இல் கதவைத் திறந்தவர்களின் பிள்ளைகளும், அக்கதவின் வழியே உள்ளே வந்தவர்களின் பிள்ளைகளும் இன்று ஒரே வகுப்பறையில் இருக்கிறார்கள், ஒரே சந்தையில் வியாபாரம் செய்கிறார்கள், சம்பந்திகளாகவும் ஆகியிருக்கிறார்கள். அவர்களுள் யார் ‘ஹோஸ்ட்’, யார் ‘கெஸ்ட்’ என்று பிரித்தறிய ஓர் அறிக்கைக்கு மட்டுமே முடியும். வடக்குக்குத் திரும்பியவர்கள் அங்கு தம் புத்தளத்து உறவினரை வரவேற்று, பாயை விரித்து, சஹனில் சோறு பகிர்ந்து உபசரிக்கும் நாட்களும் வந்திருக்கின்றன. முறை மாறியிருக்கிறது. ‘கோஸ்திஸ்’ என்ற அந்தப் பழைய சொல்லின் பொருளும் அதுவே.